ஏழு முறை அதிர்ந்த கைப்பேசி

என் பழைய கைப்பேசிக்கு ஓர் இழுப்பறை இருந்தது. திரையைப் பக்கவாட்டில் தள்ளினால் அடியிலிருந்து முழு விசைப்பலகையும் 'டக்' என்று வெளியே வரும். அந்த 'டக்' சத்தத்துக்காகவே நான் ஒன்பது வருஷம் அதை வைத்திருந்தேன் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்வாள். அது பொய். பத்து வருஷம்.

கிள்ளானில் ஒரு சரக்கு அலுவலகத்தில் எனக்கு வேலை. எந்த லோரி எந்தக் கண்டெய்னரை எங்கே இறக்க வேண்டும் என்று நாள் முழுக்க டிரைவர்களுக்குச் செய்தி அனுப்புவேன். பத்து வருஷத்தில் என் இரண்டு கட்டைவிரல்களுக்கும் தனியாக மூளை முளைத்துவிட்டது. கூட்டத்தில் முதலாளியின் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டே, மேசைக்கடியில், 'பெரியவரு கொதிச்சுக்கிட்டு இருக்காரு, இப்ப ஆபீஸ் பக்கம் வந்துடாதீங்க' என்று அடித்து அனுப்பியிருக்கிறேன். குனிந்து பார்த்ததே இல்லை. பட்டன்களின் மேடும் பள்ளமும் விரலுக்கு வழி சொல்லிவிடும்.

பக்கத்து மேசை அக்காவுக்கு இதெல்லாம் செல்லாது. "அண்ணே, அது போனா, பென்சில் டப்பாவா?" என்பார். "நான் டச் போன் கண்ணாடியில ஒரு விரலால இழுத்தா போதும், முழு வார்த்தையும் வந்துடும். உங்களுக்கு ரெண்டு கையும் வேணும். ரொட்டி சானாய் சாப்பிடும்போது யாராச்சும் மெசேஜ் அனுப்பினா என்ன பண்ணுவீங்க?"

"சாப்பிட்டு முடிச்சுட்டுப் பதில் போடுவேன். கண்ணாடியில தட்டுறது பூட்டின வீட்டுக் கதவத் தட்டுற மாதிரிக்கா. உள்ள ஆள் இருக்கா இல்லையான்னே தெரியாது."

"உங்க சட்டைப் பை தொங்குற தொங்கலப் பாருங்க லா முதல்ல!"

அந்தக் கைப்பேசி கனம்தான். என் சட்டைகள் எல்லாமே இடது பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும்.

ஆனால் அக்காவுக்குத் தெரியாத ரகசியம் ஒன்று உண்டு. என்னை ஊரில் எல்லோரும் யோசித்து முடிவெடுக்கிற மனிதர் என்பார்கள். கார் வாங்கப் போனாலும், கூரை மாற்ற ஆள் பிடித்தாலும், கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்ல மாட்டேன். மேசைக்கடியில் கையை வைத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பேன். அரை நிமிஷம் கழித்துத் தீர்ப்பு வரும். அந்த அரை நிமிஷத்தில் நான் மனைவிக்குக் கேள்வியை அனுப்பியிருப்பேன். சரி என்றால் அவள் ஒரு முறை பதில் போடுவாள், வேண்டாம் என்றால் இரண்டு முறை. என்ன எழுதியிருக்கிறாள் என்று நான் பார்க்கவே வேண்டாம். அதிர்வை எண்ணினால் போதும்.

மகள் கல்யாணப் பேச்சுக்கு ஒரு வாரம் இருக்கும்போது விசைப்பலகை செத்தது. திரை வேலை செய்தது, இழுப்பறை 'டக்' என்று திறந்தது, எந்தப் பட்டனுக்கும் உயிர் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு ஓடினேன். கடைக்காரத் தம்பி திறந்து பார்த்தான். மூடினான். மறுபடி திறந்தான். அவனுக்கும் அந்தச் சத்தம் பிடித்துவிட்டது போல.

"பாஸ், உள்ள ஒயர் அறுந்துருச்சு. இந்த சாமான் இப்ப உலகத்துலயே இல்ல பாஸ்."

"உலகம் பூரா தேடிட்டியா?"

"பாஸ், போய் டச் போன் வாங்குங்க பாஸ்."

மகள் அன்று மாலையே ஒன்றை வாங்கிக் கையில் வைத்தாள். அப்படியே ஒரு சத்தியமும் வாங்கிக்கொண்டாள். மாப்பிள்ளைப் பையனுக்கு வருஷக் கடைசியில் கடல் தாண்டி கூச்சிங்குக்கு வேலை மாற்றம். கல்யாணம் ஆவணியில் முடிந்தால் இருவரும் சேர்ந்து போகலாம். தைக்குத் தள்ளினால் அவன் தனியாக அங்கே, இவள் இங்கே.

"அப்பா, என்ன ஆனாலும் தைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ப்ளீஸ்பா."

"நான் இருக்கேன்ல" என்றேன். அந்த வாக்கியத்தைக் கேட்டாலே எங்கள் வீட்டில் எல்லோரும் சாமி படத்தைப் பார்ப்பார்கள்.

எல்லாம் மண்டபத்தைப் பொறுத்து இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் ஆவணிக்கு இடம் உண்டா என்று மனைவி கேட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டுச் சொல்கிறோம் என்றிருந்தார்கள். அதே காலையில்தான் சுங்கை பூலோவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். ஆகவே ஏற்பாடு பழையதுதான்: அவள் அடுப்படியில், நான் கூடத்தில், இடையில் அதிர்வு.

ஒரு வாரம் பயிற்சி எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடியில் தட்டினேன். கட்டைவிரல் பனிக்கட்டியில் நடக்கிற கோழி மாதிரி வழுக்கியது. கடைசியில், லேசாகக் குனிந்து பார்த்துக்கொள்ளலாம், வேட்டி மடிப்பைச் சரி செய்கிற மாதிரி நடிக்கலாம் என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு வந்தது. மனைவியின் பெயரைத் திறந்து தயாராக வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தங்கை, இரண்டு வீட்டாரும் இருக்கிற குரூப்பில், 'அங்கிள், சாலாக் செலாத்தான் வந்துட்டோம், வீடு எது?' என்று கேட்டிருந்தாள். நான் குரூப்பைத் திறந்து, 'சூராவ் தொழுகையிடத்துக்கு அடுத்த சந்து, நீல கேட்' என்று போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். திரும்ப மனைவியின் பெயரைத் திறக்கவில்லை. திறந்ததாக நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நிமிர்ந்து உட்காருகிறவர். கைப்பேசியை மகனிடம் கொடுத்துவிட்டு என் எதிரில் அமர்ந்தார். கேசரி சாப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஆவணியிலேயே வச்சுக்கலாம்னு நெனைக்கிறோம். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் கூரையைப் பார்த்தேன். பிறகு வேட்டி மடிப்பைச் சரி செய்தேன். ரொம்ப நேரம் சரி செய்தேன். ஒவ்வொரு எழுத்தையும் தேடிக் கண்டுபிடிக்கவே இரண்டு கண்ணும் போதவில்லை. திரையின் உச்சியில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க மிச்சக் கண் ஏது? அடித்து, அனுப்பி, மறுபடி கூரைக்குப் போனேன்.

மடியில் ஓர் அதிர்வு. அப்பாடா, மண்டபம் கிடைத்துவிட்டது. வாயைத் திறக்கப் போனேன். இன்னொரு அதிர்வு. ஐயோ, இல்லையாம். மூன்றாவது. எங்கள் சட்டத்தில் மூன்று கிடையாது. நான்கு, ஐந்து. நெற்றியில் வியர்வை. ஆறு. ஏழு.

இரண்டு என்றால் இல்லை. ஏழு என்றால், இல்லவே இல்லை, வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்றுதானே அர்த்தம்? முப்பது வருஷக் கல்யாண அனுபவத்தில் வேறு எப்படியும் எனக்குத் தோன்றவில்லை.

"ஆவணி சரிப்படாதுங்க" என்றேன். பயத்தில் குரல் வேறு கனமாக வந்துவிட்டது. "தை பார்ப்போம்."

டீத் தட்டோடு வந்துகொண்டிருந்த மகள் அப்படியே நின்றாள். கப்புகள் கிணுகிணுத்தன. அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கப் பார்த்தேன், இன்னும் முடியவில்லை. மாப்பிள்ளைப் பையன் தரையைப் பார்த்தான். ரயில்வேக்காரர் முகம் சிவந்தது.

"ஏன் சரிப்படாது?"

எனக்கு மட்டும் தெரியுமா? நான் கூரையைப் பார்த்தேன். அங்கே பல்லி கூட இல்லை.

அப்போது அந்தத் தங்கைப் பெண் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "அங்கிள், நாங்க எல்லாரும் ஓகேன்னுதானே போட்டோம்! அப்புறமும் முடியாதுங்கறீங்க?"

"எங்கம்மா போட்டீங்க?"

"குரூப்ல லா அங்கிள்! நீங்க கேட்டீங்கள்ல?"

ரயில்வேக்காரர் மகனிடமிருந்து கைப்பேசியை வாங்கினார். கண்ணாடியை மாட்டினார். என் செய்தியைச் சபைக்கு வாசித்தார், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி:

"'ஆவணி கேக்குறாரு. மண்டபம் என்னாச்சு? சீக்கிரம் சொல்லு. பெரிய மனுசன் மாதிரி மூஞ்ச வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். ரொம்ப நேரம் தாங்காது.'"

அதற்குக் கீழே வரிசையாக ஆறு பதில்கள். எல்லாமே சரி என்றுதான். அந்த ஆறில் இரண்டு, மாப்பிள்ளையின் அம்மா போட்ட பூங்கொத்துப் படங்கள்.

ஏழாவது யார் என்று நான் யோசிக்கும்போதே கையில் கரண்டியோடு என் மனைவி வெளியே வந்தாள். "என்ன தையா? குரூப்ல நீங்க கேட்டதப் பாத்துட்டு, மண்டபம் கெடச்சுருச்சுன்னு உங்களுக்குத் தனியா ஒரே ஒரு தடவ போட்டேனே! ஒன்னுன்னா சரின்னு தெரியாதா உங்களுக்கு?"

"உன்னோடது எந்த ஒன்னுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

கூடமே சிரித்தது. மகள் சிரிக்கவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு என் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாள். ரயில்வேக்காரர் மெல்ல எழுந்து, நாற்காலியைத் தூக்கி, என் மனைவியைப் பார்த்தபடி திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"சம்பந்தி கோவிச்சுக்கக் கூடாது. இனிமே நான் நேரா அடுப்படியிலயே பேசிக்கிறேன். சொல்லுங்கம்மா, ஆவணியில எந்த ஞாயிறு?"

ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டது டீக்குச் சர்க்கரை எவ்வளவு என்று மட்டும்தான்.

இப்போது அவர்கள் கூச்சிங்கில். பழைய கைப்பேசி என் அலுவலக மேசை இழுப்பறையில் இருக்கிறது. கூட்டத்துக்கு முன் ஒரு தடவை 'டக்' என்று திறந்து மூடிக்கொள்வேன், தைரியத்துக்கு. பக்கத்து மேசை அக்கா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்.

போன வாரம் மகளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ஒரே விரலால், உச்சியில் இருந்த பெயரை மூன்று தடவை சரிபார்த்த பிறகு: 'அப்பா மேல இன்னும் கோவமா? கோவம் போச்சுன்னா ஒன்னு, போகலன்னா ரெண்டு.'

மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். ஓர் அதிர்வு வந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தேன். டீ ஆறிப்போனது. இரண்டாவது வரவில்லை.