ஒரு வாய் குறைந்த ஆமென்

எங்கள் சபையில் ஆமென் சொன்னால் கீழே இருக்கும் டயர் கடைக்குக் கேட்கும். மாடியில் தகரக் கூரை போட்ட ஹால். கடைக்காரர் ஒருநாள் படியேறி வந்து, "சாமி கும்பிடுங்க, வேணாம்னு சொல்லல. கொஞ்சம் மெதுவா கும்பிடுங்க. டயர் மாத்த வர்றவங்க பயப்படறாங்க" என்று கெஞ்சிவிட்டுப் போனார். பாஸ்டர் அதையே அடுத்த ஞாயிறு சாட்சியாகச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். இத்தனை பெரிய ஆமெனில் ஒரு வாய் குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். தெரிந்துபோனது.

அந்த வாய் இஸ்திரி அக்காவுடையது. அக்காவும் நானும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். அக்கா இஸ்திரி உருளையில், நான் மடிக்கிற மேஜையில். ஈரப் போர்வையை அக்கா இந்தப் பக்கம் கொடுத்தால் காய்ந்து தட்டையாகி என் பக்கம் வரும். உருளைக்குத் துணி கொடுக்கிறவர்களுக்கு இரண்டு முன்கையிலும் சூட்டுத் தழும்பு இருக்கும். அக்காவுக்குத் தழும்பின் மேல் தழும்பு. அங்கே இருக்கிற இரைச்சலில் கத்தினால்தான் பேச்சு. அக்கா கத்த மாட்டாள். அதனால் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதல் மாதம் அவளுக்குத் தலைக்கனம் என்றுதான் நினைப்பார்கள்.

அவளுடைய கணவர் கொத்தனார். வேலைக்கு வெளியூர் போனவர் அங்கேயே இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டார். கைக்குழந்தையோடு நின்றவளுக்கு அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். யோசனைக்கா பஞ்சம்? சோறுதான் யாரும் போடவில்லை. சபைதான் போட்டது. சலவைக்கூட வேலைக்குச் சொல்லிவிட்டதும் சபை மூப்பர்தான். இதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிவிடும்.

மகள் அந்த மாடி ஹாலிலேயே தவழ்ந்து, அங்கேயே பாடக் கற்றுக்கொண்டாள். சரியான வாயாடி. அம்மா பேசாமல் மிச்சம் பிடித்ததையெல்லாம் மகள் செலவழிக்கிறாள் என்று கேலி செய்வோம். பாடகர் குழுவில் அவள் வாயைத் திறந்தால் பிரசங்கத்தில் தூங்குகிற ஆட்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். பத்தொன்பது வயது.

போன வருடம் பாடகர் குழு ஒரு முதியோர் இல்லத்தில் பாடப் போனது. சபை வேனை மூப்பர் ஓட்டினார். முன் சீட்டில் அவர் மனைவி, பின்னால் பிள்ளைகள். பாடி முடித்துத் திரும்பும்போது இறக்கத்தில் வேன் நிற்காமல் போய் ஒரு மதில் சுவரில் மோதியது. ஒருவருக்குக் கை முறிந்தது, ஒருவருக்கு நெற்றியில் தையல். கதவோரம் உட்கார்ந்திருந்த அக்காவின் மகள் மட்டும் செத்துப்போனாள். போலீஸ் கேட்டபோது மூப்பர், "திடீர்னு பிரேக் போயிடுச்சு" என்றார். வேனில் இருந்த எல்லோரும் அதையே சொன்னார்கள்.

மூப்பர் கெட்டவர் இல்லை. அதுதான் கொடுமை. கெட்டவராக இருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். அவர் அடக்கத்தன்று அழுத அழுகை நடிப்பில்லை. கல்லறை ஓரம் நின்று, "ஆண்டவரே, உமக்குப் பிரியமான பிள்ளையை நீரே எடுத்துக்கொண்டீர்" என்று ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னோம். அக்கா சொல்லவில்லை. பெற்றவள், வாய் வரவில்லை என்று விட்டுவிட்டோம். ஆனால் அதன்பிறகு மூப்பர் எந்தக் கூட்டத்தில் ஜெபித்தாலும் அந்த வரி வந்துவிடும். அது வரும்போதெல்லாம் அக்காவின் உதடு ஒட்டிக்கொள்ளும். மற்ற யார் ஜெபித்தாலும் ஆமென் சொல்வாள். மூப்பர் ஜெபத்துக்கு மட்டும் கிடையாது.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், உருளை நின்றிருந்தபோது, அவளே கேட்டாள்.

"ஆமென்னா என்ன அர்த்தம்?"

"அப்படியே ஆகட்டும்னு அர்த்தம். என்னக்கா, ஞாயிறு பள்ளிக்கூடப் பரீட்சையா?"

"அப்படியே ஆகட்டும்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுச் சொன்னாள்.

"அன்னிக்கு மத்தியானம் என் பொண்ணு போன் பண்ணினா. போறப்பவே பிரேக் சரியா பிடிக்கலையாம். வழியில ஒரு மெக்கானிக் பாத்துட்டு, வண்டியை இங்கயே விட்டுட்டுப் போங்க, எடுக்காதீங்கன்னாராம். மூப்பர், கர்த்தர் பாத்துக்குவார்னு சொல்லி, வண்டி மேல கை வெச்சு ஜெபிச்சாராம். எல்லாரும் ஆமென் சொன்னாங்களாம். 'நானும் சொன்னேன்மா, வேன் குணமாயிடுச்சு'ன்னு அப்படிச் சிரிக்கிறா. நானும் கூடச் சேந்து சிரிச்சேன்."

"இதை ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா இவங்களும் இல்லாம போயிடுவாங்க. வீட்டுக்குப் போனா எனக்கு யார் இருக்கா?" டப்பாவைப் பைக்குள் வைத்துவிட்டு, "எனக்குப் போலீஸ் வேணாம், ஒண்ணும் வேணாம். தெரிஞ்சுதான் எடுத்தேன்னு அவர் வாயால ஒரு தடவை சொல்லட்டும். ஆண்டவர் தலையில கட்டாம இருக்கட்டும். அது போதும்" என்றாள்.

அது போதும் என்று அவள் சொன்னாலும், அதை விடப் பெரிய காரியம் எதுவும் எங்கள் சபையில் யாரும் கேட்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பாஸ்டருக்கு எழுப்புதல் வரவேண்டும் என்ற பாரம் வந்தது. சபை தூங்குகிறது, விழிக்க வேண்டும், எல்லோரும் ஒருமனமாகக் கூடி ஜெபித்தால் ஆவியானவர் இறங்குவார் என்றார். மேடைக்குப் பின்னால் நெருப்புப் படம் போட்ட பேனர் கட்டினார்கள். காற்றாடி சுற்றும்போது நெருப்பு நெளியும், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வேலை முடிந்து தினமும் சாயங்காலம் கூடினோம். முழங்கால் வலிக்க ஜெபித்தோம். நானும்தான் ஜெபித்தேன். கூடி ஜெபிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவளின் அழுகையில் நம் அழுகையும் கலந்து போய்விடும். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எழுப்புதல் வரவில்லை. வராவிட்டால் தடை எது என்று தேட வேண்டும் அல்லவா? முதலில் டிவி தடை என்றார்கள். பிறகு செல்போன். பிறகு இளம்பிள்ளைகள் உடுத்துகிற உடுப்பு. ஒருநாள் பாஸ்டர், "சபையில ஒருத்தர் மனசுல கசப்பு இருக்கு. அந்த ஒருத்தராலதான் ஆசீர்வாதம் வாசல்ல நிக்குது" என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்லவே தேவையில்லாதபடி எல்லாத் தலையும் திரும்பியது. ஒரு வாய் குறைவதை இத்தனை பேர் இத்தனை நாளாகக் கணக்கு வைத்திருந்தார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சபையின் பெண்கள் ஐக்கியத்திலிருந்து மூன்று பேர் பிஸ்கட் பாக்கெட்டோடு அக்கா வீட்டுக்குப் போனார்கள். நான் அப்போது அங்கேதான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரே அறை. கட்டிலில் மகளுடைய துணிகள் இன்னும் மடித்தபடி இருந்தன, அதனால் வந்தவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மூப்பர் ஜெபிக்கறப்ப நீங்க மட்டும் ஆமென் சொல்றதில்லை. ஒருமனம் இல்லாம எழுப்புதல் எப்படி வரும்?"

"டீ போடட்டுமா?" என்றாள் அக்கா.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா சபையே எழும்பும்க்கா."

"சர்க்கரை எவ்வளவு?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர்கள் பிஸ்கட்டைத் தூக்கி வெளியே வீச வேண்டும் போலவும் இருந்தது. மூன்று பேரும் டீயைக் குடித்து, ஜெபித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனபின் அக்கா கட்டிலில் இருந்த துணிகளைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். மடிப்பு எதுவும் கலைந்திருக்கவில்லை.

கடைசி நாள் கூட்டத்துக்கு ஹால் நிரம்பி வழிந்தது. மூப்பர் முதலில் ஜெபித்தார். அந்த வரி வந்தது. ஆமென் முழங்கியது. பாஸ்டர் மேடையை விட்டு இறங்கி நேராக அக்காவிடம் வந்தார். மைக்கை அவள் முன்னால் நீட்டினார்.

"சகோதரி, இன்னிக்கு நீங்களே ஜெபம் பண்ணுங்க. மனசுல இருக்கறதை ஆண்டவர் பாதத்துல இறக்கி வெச்சிடுங்க. நாங்க எல்லாரும் உங்களோட நிக்கறோம்."

அக்கா சபையில் வாய்விட்டு ஜெபித்ததே இல்லை. எழுந்தாள். மைக்கை வாங்கவில்லை. கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, எனக்கு ஜெபிக்கத் தெரியாது. என் பொண்ணுக்குத்தான் தெரியும். உம்மகிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன். நாங்க இத்தனை நாளா உம்மேல பழி போட்டுட்டோம். நீர்தான் எடுத்துக்கிட்டீர்னு சொல்லிட்டோம். நீர் எடுக்கல. பிரேக் பிடிக்கலன்னு வேன்ல இருந்த எல்லாருக்கும் தெரியும். எடுக்காதீங்கன்னு மெக்கானிக் சொல்லியும் எடுத்தாங்க. கை வெச்சு ஜெபிச்சா போதும்னு எடுத்தாங்க. என் பொண்ணும் அதுக்கு ஆமென் சொன்னா. அந்தப் பழியை உம்மேல இருந்து எடுத்துடும். எங்களை மன்னிச்சிடும்."

ஜெபம் முடிந்தால் ஆமென் வர வேண்டும். வரவில்லை. கீழே யாரோ டயருக்குக் காற்று அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பாடகர் குழு உட்கார்ந்திருந்த பெஞ்சில் ஒரு முகமும் நிமிரவில்லை. பாஸ்டர் கீபோர்டு வாசிக்கிறவரைப் பார்த்துச் சைகை காட்டினார். அவரும் அன்று வேனில் போனவர்தான். கட்டையில் விரலை வைத்தார், அழுத்தவில்லை.

"ஆமென்" என்று ஒரு குரல் வந்தது.

மூப்பரின் மனைவி. மூப்பர் திரும்பி, "நீ சும்மா இரு" என்றார்.

"எத்தனை நாளைக்குச் சும்மா இருக்கறது? கால் வெச்சா பெடல் தரையைத் தொடுதுன்னு நீங்கதானே என்கிட்ட சொன்னீங்க? நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்?"

மூப்பர் மனைவியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு அப்படியே முழங்காலில் விழுந்தார். "தெரியும்" என்றார். "தெரிஞ்சுதான் எடுத்தேன். பிள்ளைங்க முன்னாடி விசுவாசம் இல்லாதவன் மாதிரி தெரியக்கூடாதுன்னு எடுத்தேன்."

பெஞ்சில் ஒரு பெண் ஓவென்று அழுதாள். பக்கத்தில் இருந்தவள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரத்தில் ஹால் முழுக்க அழுகை. பாஸ்டரின் முகம் மலர்ந்துவிட்டது. "எழுப்புதல்! இதோ இறங்கிடுச்சு! ஸ்தோத்திரம்!" என்று இரண்டு கையையும் தூக்கினார். கீபோர்டு தொடங்கியது. அவர் மூப்பரைத் தூக்கி நிறுத்தி, அக்காவிடம் கூட்டி வந்தார்.

"சகோதரி, கை குடுங்க. இப்பவே மன்னிச்சிடுங்க. சபை பாக்குது."

மூப்பர் கையை நீட்டியபடி நின்றார். அக்கா அந்தக் கையை வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னிக்கு முடியாதுங்க."

"இன்னிக்குத்தான்மா நாள். ஆவியானவர் அசைவாடறப்ப..."

"முடியாதுங்க பாஸ்டர்."

அக்கா பையை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் வழி விலக்கிப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். யாரும் எங்களைத் தடுக்கவில்லை. அவர்களுக்கு அழுவதற்கும் கட்டிப்பிடிப்பதற்கும் அங்கே ஆட்கள் இருந்தார்கள். அக்கா அவர்களுக்கு இனித் தேவைப்படவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். எதையாவது பேசித் தொலைக்க வேண்டுமே என்று, "நீங்க கேட்டது கெடைச்சிடுச்சேக்கா. அவர் வாயாலயே சொல்லிட்டாரே" என்றேன்.

அக்கா தலையை ஆட்டினாள்.

"ஆமென் சொல்லலையே தவிர, நானும் பாதி நம்பிக்கிட்டுதான் இருந்தேன். ஆண்டவருக்கு ஏதோ வேணும்னு கூட்டிட்டுப் போயிட்டார், அவ அங்க பாடிக்கிட்டு இருப்பான்னு. தினமும் படுக்கறப்ப அதை வெச்சுத்தான் கண்ணை மூடுவேன்." வந்த பஸ் எங்களுடையது இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். "இப்ப அதுவும் போச்சு. ஒரு பிரேக்குக்குத்தான் செத்திருக்கா. வேற எதுக்கும் இல்ல."

பிறகுதான் அழுதாள். அடக்கத்தன்றுகூட இப்படி அழவில்லை. வாய் திறந்து, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆறுதலாக என்ன சொல்வது என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் வார்த்தைகள் எல்லாம் சபையில் கற்றுக்கொண்டவை. ஒன்றையும் சொல்லவில்லை. எங்கள் பஸ் வந்து நின்றது. டிரைவர் எங்களைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நிறுத்தி வைத்திருந்தார். போகச் சொல்லி நான் கையை ஆட்டினேன்.