முப்பது மைக்ரானும் பாக்யம்மா கடையும்

சூளகிரி யூனிட்டில் நான் குவாலிட்டி இன்சார்ஜாக இருந்த கடைசி வருஷம், மாசி முதல் வாரம், வியாழக்கிழமை. சிவராத்திரியோடுதான் குளிர் போகும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. அந்த வருஷம் அது சொல்லாமல் கொள்ளாமல் முன்பே கிளம்பிவிட்டது. ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு ஸ்வெட்டரோடு வந்தவர்கள் பத்து மணிக்கே கழற்றி வைத்துவிட்டார்கள். தகரக் கூரை வெயிலில் படபடத்தது.

அன்றுதான் கஸ்டமர் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். செல்வின் என்று பெயர். சென்னை ஆபீஸ், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். புது லைனில் ஓடிய முதல் லாட், அலுமினிய கியர் ஹவுசிங். அவர் பாஸ் பண்ணினால் லைன் எங்களுக்கு. இல்லையென்றால் பார்ட்டைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்சர்களோடு பூனாவுக்குப் போய்விடும். அந்த லைனை நம்பி உத்தனப்பள்ளி, போச்சம்பள்ளிப் பக்கத்து ஆட்களை எடுத்து ட்ரெயினிங்கும் கொடுத்து முடித்திருந்தோம்.

செல்வின், துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜை, சரியான அளவுள்ள மாஸ்டர் ரிங்கில் செட் பண்ணி முதல் ஹவுசிங்கை அளந்தார். துளை முப்பது மைக்ரான் ஓவர்சைஸ், அரை முடி கனம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

"தப்பா நெனைக்காதீங்க சார். ரிஜெக்ட் போட்டுட்டு நான் கெளம்புதேன்" என்றார்.

ஆபரேட்டர் முனிராஜுக்கு முகம் செத்துவிட்டது. "நேத்து சாயங்காலம் நானே அளந்தேன் சார், கரெக்டா நின்னுச்சு. டூல்தான் ஏதோ ஆயிடுச்சு. இதோ ஆஃப்செட் மாத்திடறேன்" என்று, டூல் வெட்டும் அளவைத் திருத்த மெஷினைப் பார்த்து ஓடினான்.

ஹவுசிங்கை ஓரமாக நகர்த்தப் போன நான் சட்டென்று கையை எடுத்துவிட்டேன். கொதித்தது. லோடிங்குக்காகக் காலையிலிருந்து ட்ராலியை யார்டில் வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். மாஸ்டர் ரிங்கோ உள்ளே, நிழலில். ஒன்று விரிந்திருக்கிறது, இன்னொன்று விரியவில்லை.

மற்ற ஊர்களில் பார்ட்டை ஏசி போட்ட இன்ஸ்பெக்ஷன் ரூமில் ஆறப் போட்டுத்தான் அளப்பார்கள். நாங்கள் அப்படிச் செய்ததே இல்லை. "நம்ம ஊரே ஏசி, இதுக்கு எதுக்குத் தனியா ஒரு ஏசி?" என்பதுதான் எங்கள் யூனிட்டின் பேச்சு.

"முனிராஜ், ஆஃப்செட்ல கை வெக்காதே!" என்று கத்திவிட்டு, செல்வினிடம் சொன்னேன்: "ரெண்டு மணி நேரம் ரூமுல கெடக்கட்டும். அப்பவும் ஓவர்னா ரிஜெக்ட் டேக்கை நானே கட்டறேன்."

"ரெண்டு மணி நேரம் நான் என்ன சார் செய்ய?"

"எதிர்ல ஒரு கடை இருக்குது, வாங்க."

கேட்டுக்கு எதிரே சர்வீஸ் ரோட்டில் பாக்யம்மாவின் கான்டிமென்ட்ஸ் கடை. கண்ணாடி ஜாடிகளில் கோடுபளே என்ற வளைய முறுக்கு, நிப்பட்டு என்ற தட்டை. மேல் தட்டில் புளியோதரைக்குக் கலக்கும் புளியோகரை கொஜ்ஜு. வாசலில் புங்கமரம், அதன் கீழ் பெஞ்ச். வெயிலுக்கு மரமும் ஏமாந்து, சீக்கிரமே தளதளவென்று துளிர்த்திருந்தது. நிழலில் உட்கார்ந்தால் காற்று இன்னும் குளிர்காலத்துக் காற்றுதான்.

"பன்னி சார், பன்னி" என்று கன்னடத்தில் வரச் சொன்னார் பாக்யம்மா. "இவரு யாரு, முகம் இப்படி வாடிக் கெடக்குது?"

"உங்க சார் என்னையப் பிடிச்சு வச்சிருக்காரும்மா" என்றார் செல்வின்.

"வெச்சிருக்கட்டும். ஒப்பட்டு கல்லுல இருக்குது. இப்ப எழுந்து போனா உனக்குத்தான் நஷ்டம்."

போளிக்குத்தான் எங்கள் பக்கம் ஒப்பட்டு என்று பெயர். கல்லிலிருந்து நேராக இலைக்கு வந்தது. மேலே ஒரு கரண்டி நெய். செல்வின் வாட்ச்சைப் பார்ப்பதை நிறுத்தினார். இரண்டாவதை முடித்துவிட்டு, "எங்க ஊரு அல்வாவுக்கு அடுத்தது இதுதாம்மா" என்றார்.

"அடுத்ததா? இன்னொண்ணு தின்னு, வரிசை மாறிடும்."

மாறிவிட்டது. பிறகு ஒரு நிப்பட்டு, இஞ்சி தட்டிப்போட்ட எலுமிச்சை சோடா. நான் பாதி ஒப்பட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே கேட்டையே பார்த்திருந்தேன். பிளான்ட் மேனேஜரிடமிருந்து போன் வந்தது.

"என்னய்யா, இன்ஸ்பெக்டரை எங்க ஒளிச்சு வெச்சிருக்கே?"

"சூடு ஆறிட்டிருக்குது சார்."

"அவருக்கா?"

"அவருக்கு ஆறிடுச்சு சார். ஹவுசிங்குக்குத்தான் இன்னும் ஆறணும்."

திரும்பிப் போனபோது முனிராஜ் ரூம் வாசலிலேயே நின்றிருந்தான், சாப்பிடக்கூடப் போகவில்லை. செல்வின் ஹவுசிங்கைத் தொட்டுப் பார்த்தார், ரிங்கைத் தொட்டுப் பார்த்தார், பிறகு கேஜைத் துளைக்குள் விட்டார். முள் நடுவில் வந்து நின்றது. அடுத்ததிலும் நடுவில்தான். சாம்பிள் முழுக்க அளந்து முடித்து, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார்.

"ஏத்துங்க சார். ஆனா ட்ராலிய வெயில்ல விட்டியள்னா அடுத்த தடவ ரெண்டு மணி நேரம் நிக்க மாட்டேன்."

"ஒப்பட்டு இருந்தாலுமா?" என்றான் முனிராஜ். போன உயிர் அவனுக்குத் திரும்பியிருந்தது.

பங்குனி பிறப்பதற்குள் ரூமுக்கு ஏசி வந்துவிட்டது. பார்ட் ஆறிய பிறகே அளக்க வேண்டும் என்று புரொசீஜரிலும் ஏற்றினோம். ஷாப் ஃப்ளோரில் அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒப்பட்டு டைம் என்று பெயர் நிலைத்துவிட்டது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ரீடிங் தப்பாக வந்தால் கை முதலில் ஆஃப்செட்டுக்குத்தான் போகும். அன்று முனிராஜ் அதை மாற்றியிருந்தால் அதற்குப் பிறகு ஓடிய ஹவுசிங் எல்லாம் துளை சிறுத்து நிஜமாகவே ரிஜெக்ட் ஆகியிருக்கும். முதலில் பார்ட்டைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், மெஷினை விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய் உட்காருங்கள்.