அப்பாவின் தொப்பிக்கு ஒரு பட்டு வார்

அப்பா மோட்டார் சைக்கிள் வாங்கியபோது எனக்கு எட்டு வயது. காஞ்சிபுரத்தைச் சுற்றியிருக்கும் ஊர்களில் தறி வைத்திருப்பவர்களுக்குப் பாவும் பட்டும் கொடுத்து, நெய்து முடித்த புடவைகளை வாங்கி வருவது அவர் வேலை. அதுவரை சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். சைக்கிளில் போனவரைப் பற்றி அம்மா ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்ற அன்றே கவலைப்படத் தொடங்கிவிட்டாள். அந்தக் கவலை எங்கள் வீட்டில் தாய்வழிச் சொத்து. இப்போது என்னிடம் இருக்கிறது.

முதலில் வேட்டி. அது சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும் என்று பேன்ட் தைக்கவைத்தாள். அப்புறம் தடித்த துணியில் முழுக்கைச் சட்டை, தூசிக்குக் கண்ணாடி, காலுக்குக் கான்வாஸ் ஷூ. ஒவ்வொன்றுக்கும் அப்பா கொஞ்சம் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். தலை விஷயத்தில் மட்டும் முரண்டு பிடித்தார்.

"தொப்பிய மாட்டிக்கினு தெருவுல போனா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிக்கறவன் வந்து உங்க மண்டைய ஒட்டவெப்பானா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறிப் பட்டணத்துக்குப் போனோம். பழைய ராணுவச் சாமான்கள் விற்கும் சின்னக் கடை அது. அம்மா முதலில் கை வைத்தது இரும்புத் தொப்பியின் மேல். கனமாக இருந்தால் பத்திரம் என்பது அவள் எண்ணம். அப்பா அதைப் போட்டுக்கொண்டு கழுத்தைத் திருப்ப முடியாமல் நின்றார். கடைக்கார பாய் சிரிக்காமல் சொன்னார்: "அது மேலேருந்து ஏதாச்சும் வந்து விழறதுக்கும்மா. இவரு கீழ போயி விழறவரு. இவருக்கு வேற."

"விழறவருன்னு சொல்லாதீங்க பாய்" என்றாள் அம்மா.

அவர் உள்ளேயிருந்து வேறொன்றைக் கொண்டுவந்தார். முட்டை ஓடு போல வழவழப்பாக, உள்ளே மெத்தை வைத்து, இரண்டு பக்கமும் தோல் வார் தொங்கியது. அப்பாவின் தலையில் அதை வைத்து, "தலைய ஆட்டுங்க" என்றார். "தொப்பி தனியா ஆடினா பெரிசு. நெத்தித் தோலும் கூடவே ஆடுதா பாருங்கம்மா. அப்பதான் சரி." அம்மா அப்பாவின் நெற்றியையே உற்றுப் பார்த்தாள். கடையில் அத்தனை பேர் நடுவில் அவள் அவரை அப்படிப் பார்த்தது எனக்கு வெட்கமாக இருந்தது. கடைசியாக பாய் வாரை இழுத்து, கொக்கியை மாட்டிக் காட்டினார். "இதுதான் முக்கியம். இது இல்லாட்டி வெறும் குண்டான்."

அந்தக் குண்டான் வீட்டுக்கு வந்த அன்றே தகராறு. எங்கள் வீட்டில் தறி இருக்கும் கூடத்துக்குள் தோல் வரக்கூடாது. செருப்பு வாசலோடு சரி. அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, அந்தத் தறியில் அப்போது ஒரு முகூர்த்தப் புடவை நெய்துகொண்டிருந்தார். தறிக்குழியில் உட்கார்ந்தபடியே வாரைப் பார்த்துவிட்டார்.

"தோல உள்ள எடுத்தாராதப்பா. கல்யாணப் புடவ இருக்குது."

தொப்பி வாசல் ஆணியில் தொங்கியது. அப்பாவுக்கு அது வசதியாகப் போயிற்று. பேன்ட், சட்டை, கண்ணாடி எல்லாம் கூடத்திலேயே மாட்டிக்கொண்டு, வாசலில் அதை மட்டும் மறந்துவிட்டுப் போனார். மூன்று நாள் தொடர்ந்து மறந்தார். மூன்றாம் நாள் அம்மா ஆணியில் தொங்கிய தொப்பியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு நூல் வெட்டும் கத்தியை எடுத்து வந்து, இரண்டு பக்கத்துத் தோல் வாரையும் வெட்டிப் போட்டாள். தோல் இல்லாவிட்டால் தொப்பி உள்ளே வரலாம். சட்டைக்குப் பக்கத்திலேயே தொங்கலாம். அப்போது எப்படி மறப்பார்?

வாருக்குப் பதில் மிச்சப் பட்டு. அரக்குச் சிவப்பு. அம்மா ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்ள, நான் எதிரில் உட்கார்ந்து பிரியெடுத்துக் கொடுக்க, இரண்டு பேரும் சேர்ந்து பின்னினோம். நான் செய்த முதல் நல்ல வேலை அது. பெரியப்பா அதில் அம்மிக் குழவியைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். அறுந்துபோகவில்லை. "இது அறுந்துச்சின்னா நான் தறிய வித்துடறேன்" என்றார். பட்டைப் பற்றி அவர் சொன்னால் எங்கள் தெருவில் மறுபேச்சு கிடையாது.

மறுநாளிலிருந்து காலையில் அப்பா என் முன்னால் குனிவார். நான் அவர் தாடையின் கீழ் அந்தக் கயிற்றைப் பூ முடிச்சாகப் போடுவேன், பள்ளிக்கூடத்துக்கு என் சடையில் ரிப்பன் கட்டுவது போல. "கட்டியாச்சா வாத்தியாரம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் நிமிர்வார். அம்மா பக்கத்தில் நின்று சிரிப்பாள். என் ரிப்பன் மத்தியானத்துக்குள் அவிழ்ந்துவிடும். அதை நான் எதோடும் சேர்த்து நினைக்கவில்லை.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, தென்னேரி ஏரிக்கரையோரம் ஒரு எருமை குறுக்கே வந்தது. அப்பா மாட்டுவண்டியில் வீடு வந்து சேர்ந்தார். நெற்றியில் கட்டியிருந்த துண்டு முழுவதும் சிவந்திருந்தது. முழங்கால், முழங்கையையெல்லாம் பேன்ட்டும் சட்டையும் பார்த்துக்கொண்டன. புடவை மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. புருவத்துக்கு மேல்தான் பிளந்துவிட்டது. பெரியப்பா அவரை அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், ஏழு தையல் போடவைத்துக் கூட்டிவந்தார். வண்டி ஓட்டி வந்த தென்னேரிக்காரர் அப்புறம்தான் வைக்கோலுக்கு அடியிலிருந்து தொப்பியை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார்.

"இவரு கரை மேல கெடந்தாரும்மா, இது கீழ வயல்ல கெடந்துச்சி. கவுறு முழுசாத்தான் இருக்குது. முடிச்சுதான் இல்ல."

பெரியப்பா கயிற்றை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "பட்டு மேல பட்டு நிக்குமா? பாவு இழைய பிணைக்கறப்பவே சாம்பல தொட்டுக்கினுதான முறுக்கறோம்? வழுக்கும்னு எனக்குத் தெரியாதா? குழவியக் கட்டி அறுதான்னு பாத்தனே, அவுழுதான்னு பாக்கலியே." அவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டதை நான் அன்றுதான் கேட்டேன். பிறகு கேட்டார்: "காலைல யாரு கட்டினது?"

நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

"நான்தான்" என்றாள் அம்மா.

அப்பா படுத்தபடியே கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் அம்மா தானே போய்ச் செருப்பு தைப்பவரிடம் புதுத் தோல் வாரும் கொக்கியும் தைத்து வாங்கிவந்தாள். யாரையும் கேட்காமல் அதைக் கூடத்து ஆணியில் மாட்டினாள். முகூர்த்தப் புடவை இன்னும் தறியில்தான் இருந்தது. பெரியப்பா குழியிலிருந்து எழுந்து வந்தார். தொப்பிக்கு இடம்விட்டு, அதே ஆணியில் தொங்கிய தன் சட்டையை எடுத்து வேறு ஆணிக்கு மாற்றிவிட்டு, மறுபடியும் போய் உட்கார்ந்துகொண்டார்.

போன வாரம் என் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் வாங்கினார். கடையில் அவரைத் தலையாட்டச் சொல்லி, நெற்றித் தோலைப் பார்த்துத்தான் தொப்பி வாங்கினேன். மறுநாள் காலையில் என் மகன் ஓடிவந்து, கொக்கியை நான்தான் மாட்டுவேன் என்றான். நாலு வயசு. அவன் கையைத் தள்ளிவிட்டு நானே மாட்டினேன். அவன் அழுதான். அவனையே மாட்டவிட்டு, பிறகு இழுத்துப் பார்த்திருக்கலாமோ என்று சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அன்று எனக்காகப் பொய் சொன்னாள் என்று நன்றியோடு நம்பிக்கொண்டிருந்தேன், இத்தனை வருஷமும். வாரை வெட்டியது அவள் கை. என் விரல்களை நம்பிப் பக்கத்தில் நின்று சிரித்ததும் அவள்தான். தன்னைப் பொறுத்தவரை அவள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள்.

அப்பா வீடு வந்த அன்று சாயங்காலம், அவர் தூங்கிக்கொண்டிருக்க, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சிவப்புக் கயிற்றைத் தன் முழங்காலில் கட்டுவதும், இழுப்பதும், அவிழ்ந்ததும் மறுபடி கட்டுவதுமாக இருந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். எனக்கும் ஒரு தரம் கொடு என்று கேட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.