தரைக்கு மேலே ஒரு சாண்

1. போன்

மேடைத் துணி ஒன்று மடியில் கிடந்தது. ஓரம் கிழிந்திருந்தது, தைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் டில்லி கூப்பிட்டான். எங்கள் கடையின் பந்தல் மேஸ்திரி அவன். பக்கத்தில் நின்று பேசினாலே நான்கு வீட்டுக்குக் கேட்கும். அன்று காலை போனைக் காதோடு அழுத்தித்தான் அவன் குரலைக் கேட்க வேண்டியிருந்தது.

"அக்கா, மாங்காடு சைட்டாண்ட கீறேன். ஏழாம் நம்பர் டென்ட்டுல பூரான் பூந்துச்சாம். கைக்கொழந்தைய கடிச்சிருக்கு."

"கொழந்த எப்புடி கீது?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து இட்டாந்துட்டாங்க. கன்னம் வீங்கிக்கினு கீது. நீ வா அக்கா. இங்க எல்லாரும் என்னியே பாக்குறாங்க."

ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தேன். அந்தக் கூடாரத்தின் அடிப்பட்டியை மேலே மடித்துத் தைத்ததும் இதே ஊசிதான். அது எனக்குத் தெரியும். ஷேர் ஆட்டோவில் போகும் வழியெல்லாம் விரலைப் பார்த்துக்கொண்டே போனேன்.

2. என் சட்டம்

முகப்பேரில் சாமியானா வாடகைக்கு விடும் கடை எங்களுடையது. எங்களுடையது என்று சொல்லிப் பழகிவிட்டது, முதலாளி வேறு. பதினெட்டு வருஷமாக அங்கே துணிக்கு நான் பொறுப்பு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், துணிக்கு என்ன பெரிய பொறுப்பு என்று சிரிப்பார்கள். கல்யாணம், காதுகுத்து, சாவு, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் ஒரே துணிதான் போய் வருகிறது. போன இடத்துக் கறையோடுதான் திரும்பும். சந்தனம் போய்விடும். சாம்பார் போராடிப் போகும். பூந்தமல்லிப் பக்கத்துக் களிமண் மட்டும் போகாது. நூலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, மூன்று தண்ணீர் மாற்றினாலும் நான்காவது தண்ணீரில் எட்டிப் பார்க்கும்.

அதனால் ஒரு சட்டம் போட்டேன். பக்கவாட்டுத் துணி எதுவும் மண்ணில் படக்கூடாது. தரைக்கு மேலே ஒரு சாண் நிற்க வேண்டும். டில்லியின் ஆட்கள் கையை விரித்து அளந்து கட்டுவார்கள். மீறி மண் ஒட்டி வந்தால், கட்டியவனே தொட்டியில் இறங்கித் துவைக்க வேண்டும். மறுபேச்சு கிடையாது. "அக்கா சாண்" என்று அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது. இப்போது எழுதும்போது எனக்கு முதல் கோபம் அந்தப் பெருமையின் மேல்தான்.

ஐப்பசி மழையில் மாங்காட்டுக்குப் பின்னால், அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த ஒரு சைட்டில், வேலையாட்களின் தகரக் கொட்டகைகளுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. புதுக் கொட்டகை போடும்வரை ஒரு மாசத்துக்குப் பன்னிரண்டு கூடாரம் வேண்டும் என்றார்கள். முதலாளி எங்கோ ஏலத்தில் எடுத்து கோடவுனில் போட்டு வைத்திருந்த கேன்வாஸ் டென்ட்டுகள் வெளியே வந்தன. படுக்கிறவர்களுக்காகத் தைத்த கூடாரங்கள் அவை. ஒவ்வொன்றின் சுவருக்கும் அடியில் ஒன்றரைச் சாண் அகலத்தில் ஒரு முரட்டுப் பட்டி சுற்றிலும் தொங்கியது. அது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. யாரையும் கேட்கவுமில்லை. மண்ணில் புரளத்தான் தைத்து வைத்திருக்கிறார்கள், மடையர்கள், என்று நினைத்தேன்.

இடம் பார்க்கப் போன அன்று சைட் இன்ஜினியரும் அதையே சொன்னார். கோயம்புத்தூர்ப் பக்கத்து இளைஞர், மரியாதையான பேச்சு. "மேடம், இது தொங்கறது பார்க்க நல்லா இல்லீங்க. மேல மடிச்சுத் தெச்சுருங்களேன். வாசல் எல்லாம் ரோட்டைப் பார்த்து ஒரே லைன்ல வந்துச்சுன்னா நீட்டா இருக்குமுங்க."

அவருடைய நீட்டும் என்னுடைய சாணும் அழகாகப் பொருந்திப் போயின. இரண்டு நாள் உட்கார்ந்து பன்னிரண்டு டென்ட்டின் பட்டியையும் மடித்துத் தைத்தேன். டில்லி ஆட்கள் கம்பத்துக்கு அடியில் செங்கல் அடுக்கி, சுவரைத் தரைக்கு மேலே ஒரு சாண் தூக்கி நிறுத்தினார்கள். ரோடு இருந்தது வடக்கில். வாடைக்காற்று வரும் திசையைப் பார்த்துப் பன்னிரண்டு வாசலும் வாயைத் திறந்தன.

எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. எங்கள் தொழிலில் ஜனங்கள் வருவார்கள், உட்காருவார்கள், சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள். சாமியானாவுக்குக் கீழே படுக்கிறவர் ஒருவர்தான், சாவு வீட்டில். அவருக்கு வாடையும் தெரியாது, பூரானும் தெரியாது.

3. ஷூ

செல்வி ஏழாம் நம்பர் கூடாரத்துக்கு வெளியே நின்றிருந்தாள். திருவண்ணாமலைப் பக்கம் ஊர். அந்த சைட்டில் சித்தாள் வேலை. புருஷன் ஏழுமலை கம்பி கட்டுகிறவன். தோளில் நாலு மாசப் பெண் குழந்தை. அதன் வலது கன்னம் வீங்கி, அந்தப் பக்கத்துக் கண் கோடு போலச் சுருங்கியிருந்தது. விடியற்காலையிலிருந்து அவள் குழந்தையைக் கீழே விடவேயில்லை என்று டில்லி சொன்னான். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, உயிருக்குப் பயமில்லை என்று அனுப்பியிருந்தார்கள். ஆனால் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, ஈரக்காற்றில் போடாதே என்றும் சொல்லியிருந்தார்கள். வானம் அப்போதே மூட்டமாகத்தான் இருந்தது.

"நீங்கதான் டென்ட்டு குடுத்தவங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"இதுல ஒரு ராத்திரி படுத்திருக்கீங்களா?"

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

அதற்குள் இன்ஜினியர் வந்துவிட்டார். "நல்லவேளை வந்தீங்க மேடம். இவங்க சாப்பாட்டை உள்ளயே வெச்சுக்கறாங்க, அதுனாலதான் பூச்சி வருதுங்க. நீங்களே எடுத்துச் சொல்லுங்க."

"பூரான் சோறு திங்கவா சார் வந்துச்சி?" என்றாள் செல்வி. "எங்கூட்டுல நேத்து வெறுங்கஞ்சி. தொட்டுக்க ஒண்ணும் இல்லன்னு கொழந்த கன்னத்த கடிச்சிச்சா?"

டில்லி வாயை மூடிக்கொண்டு சிரித்தான். இன்ஜினியர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார். "நாளைக்குக் காலைல ஹெட் ஆபீஸ்ல இருந்து வர்றாங்க. போட்டோ எல்லாம் எடுப்பாங்க. இன்னைக்கு எதையும் பிரிக்க வேண்டாமுங்க, லைன் கலைஞ்சுரும். டென்ட்டுல ஒரு குறையும் இல்லீங்களே."

நான் உள்ளே போனேன். செல்வியின் பாய் விரித்தபடியே கிடந்தது. டில்லியிடம் வாசலை இழுத்து மூடச் சொல்லிவிட்டு அந்தப் பாயில் படுத்தேன், குழந்தை கிடந்த இடத்தில், குழந்தை கிடந்த மாதிரி கன்னத்தைச் சாய்த்து.

நடுப்பகல். கூடாரத்துக்குள் இருட்டு. அந்த இருட்டைச் சுற்றி நான்கு பக்கமும் ஒரு வெளிச்சக் கோடு. கோடு என்றா சொல்வது, ஒரு சாண் உயரத்துக்கு உலகமே திறந்து கிடந்தது. புல், ஒரு செங்கல் துண்டு, சாரையாகப் போகும் எறும்பு, அடுத்த கூடாரத்துக்கு முட்டுக்கொடுத்து அடுக்கிய விறகு. நின்றுகொண்டு பார்த்தபோது இவற்றில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. காற்று தரையோடு தரையாக வந்து என் கன்னத்தில் படிந்தது. முதுகில் படவில்லை, காலில் படவில்லை. தேடி வந்ததுபோல் கன்னத்தில். என் சட்டம் என் முகத்தில் வீசிக்கொண்டிருந்தது.

வெளியே இன்ஜினியர் டில்லியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "துணி கீழ வரைக்கும் இருக்குதுங்களே. எங்கிருந்து உள்ள வரும்?"

படுத்தபடியே சொன்னேன். "சார், உங்க இடது கால் ஷூல லேஸ் அவுந்து கீது. கட்டிக்கோங்க."

அந்த ஷூ இரண்டடி பின்னால் போனது. அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

4. பிளேடு

வெளியே வந்து டில்லியிடம் பிளேடு கேட்டேன்.

"இன்னாத்துக்கு?"

"தையல பிரிக்க. பன்னெண்டு டென்ட்டும். பொழுது போறதுக்குள்ள."

அவன் தலையைச் சொறிந்தான். "அக்கா, கோச்சுக்காத. நீதான சொன்ன, துணி மண்ணுல படக் கூடாதுன்னு. உன் சாணுக்குத்தான செங்கல் வெச்சோம்."

"நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன். செங்கல எடு."

இன்ஜினியர் குறுக்கே வந்தார். "யாரைக் கேட்டுப் பண்றீங்க மேடம்?"

"உங்க ஆபீசருங்க நின்னுகினு பாத்துட்டு ஏசி கார்ல ஏறிப் போயிடுவாங்க சார். இவங்க இன்னிக்கு ராத்திரி இதுல படுக்கணும். நீங்க படுக்குறதுன்னா சொல்லுங்க, ஏழாம் நம்பர மட்டும் அப்புடியே உட்டுடறேன்."

அவர் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். பத்து நிமிஷத்தில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "இன்னா மல்லிகா, கேன்வாஸ மண்ணுல போட்டா இத்துப் போவும்னு நீதானம்மா எங்கிட்டயே சண்ட போடுவ?"

"இத்துப் போனா தெச்சிக் குடுக்கறேன் மொதலாளி. கொழந்த கன்னத்த என்னால தெக்க முடியாது."

"இன்னமோ பண்ணு" என்று வைத்துவிட்டார்.

செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்; இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு உதவும். முதலில் கூடாரங்களைத் திருப்பினோம், வாடைக்கு முதுகு, தெற்கே வாசல். மறுபடி நிறுத்துவதற்குமுன் புல்லைச் செதுக்கி, விறகையும் கல்லையும் தூரத் தள்ளி, தரையை மேடாக்கினோம். கம்பத்தடிச் செங்கல்லை எடுத்ததும் சுவர் தானாக இறங்கி மண்ணைத் தொட்டது. பட்டியின் வேலை அங்கேதான் ஆரம்பம். அதை உள்பக்கமாக மடக்கித் தரையில் படுக்க வைத்து, மேலே மண் போட்டு மிதித்தோம். அதன்மேல் தார்ப்பாய். அதைத் தரை அளவுக்கு வெட்டிவிடக் கூடாது. நான்கு ஓரமும் ஒரு சாண் மேலேறிச் சுவரோடு கட்டி நிற்க வேண்டும், தாம்பாளம் மாதிரி. மூலையை வெட்டாமல் மடிக்க வேண்டும். வெட்டிய மூலை பூச்சிக்கு வாசல். வெளியே கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் சுற்றிலும் வாய்க்கால். இழுகயிறு முளையோடு சேரும் இடத்தில் மண்ணெண்ணெயில் நனைத்த துணி. எறும்பு அந்த வழியாகத்தான் ஏறும். முழுக்க அடைத்துவிடவும் கூடாது. காற்று அடிக்காத பக்கம், உச்சியில், வலை போட்ட சன்னலைத் திறந்து வைத்தோம். அதையும் மூடினால் உள்ளே விட்ட மூச்சே விடியற்காலையில் துணியிலிருந்து சொட்டும்.

ஏழுமலையும் இன்னும் ஆறேழு பேரும் மத்தியானச் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு மண்வெட்டி எடுத்தார்கள். நான் பன்னிரண்டு கூடாரத்தையும் சுற்றிச் சுற்றி என் தையலை நானே அறுத்தேன். நெருக்கமான தையல், உறுதியான தையல். இவ்வளவு நன்றாக ஏன் தைத்தாய் என்று என்னை நானே திட்டிக்கொண்டு அறுத்தேன். மழை ஒருமுறை தூறி நின்றது.

நாலு மணிவாக்கில் இன்ஜினியர் திரும்பி வந்தார். லேஸ் கட்டியிருந்தது. "மேடாக்க மண் பத்தலைன்னா, அந்தப் பக்கம் கல்தூள் கொட்டிக் கெடக்குதுங்க. எடுத்துக்கங்க" என்றார். எடுத்துக்கொண்டோம். நன்றி சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கல்தூள் முதல் நாளிலிருந்தே அங்கேதான் கிடந்தது.

5. செல்வி பார்த்தது

இருட்டுவதற்கு முன்னால் ஏழாம் நம்பர் கூடாரம் தயாராகிவிட்டது. படுத்துப் பார்க்க நான் குனிந்தேன். செல்வி என் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

"நீங்க வேணாம். நான் பாக்குறேன்."

அன்று முதல்முறையாகக் குழந்தையைக் கையிலிருந்து இறக்கினாள், என் கையில். சூடான சின்னச் சுமை. மூச்சில் லேசாக ஒரு கரகரப்பு. செல்வி உள்ளே போய்ப் படுத்தாள். வாசலை மூடினோம். டில்லி ஏதோ சொல்ல வாயெடுத்தான். சும்மா இரு என்று கண்ணைக் காட்டினேன். உள்ளே அவள் ஒருக்களித்துப் புரளும் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம். பிறகு அந்தப் பக்கம்.

"கால்மாட்டு மூலையில வெளிச்சம் தெரியுது" என்றாள்.

டில்லி உள்ளே போய் மூலை மடிப்பை அவிழ்த்து, பட்டியை இன்னும் இழுத்து மண்ணுக்குள் புதைத்து, மறுபடி கட்டினான்.

"இப்ப?"

"இன்னும் ஒரு நூலு தெரியுது."

மறுபடி அவிழ்த்தான். முணுமுணுக்காமல் அவிழ்த்தான். அவனை அப்படி நான் பார்த்ததில்லை.

"இப்பம்மா?"

உள்ளே மறுபடி புரளும் சத்தம். "இருட்டாயிருக்கு" என்றாள். வெளியே வந்து குழந்தைக்குக் கையை நீட்டினாள். எங்களுக்கு அவள் நல்ல வார்த்தை எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாங்கி வைத்துக்கொள்ள எனக்கு இடம் இருந்திருக்காது. மற்ற பதினோரு கூடாரத்தையும் வெளிச்சம் போவதற்குள் அவளே படுத்துப் பார்த்தாள். இரண்டில் ஓட்டை கண்டுபிடித்தாள்.

ராத்திரி நல்ல மழை. காலையில் நானே டில்லியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "தூங்கிச்சாம் அக்கா" என்றான். அந்த ஒரு சொல்லோடு போனை வைத்துவிட்டேன். போட்டோ எடுத்தார்களா, லைன் நேராக இருந்ததா, கேட்கவில்லை.

சாமியானாத் துணி இன்றைக்கும் தரைக்கு மேலே ஒரு சாண்தான் நிற்கிறது. அந்தச் சட்டத்தை நான் எடுக்கவில்லை. களிமண் இன்னும் களிமண்தான். ஆனால் ஆர்டர் எடுக்கும்போது எத்தனை பேர் உட்காருவார்கள் என்று கேட்பதற்கு முன்னால், யாராவது படுப்பார்களா என்று கேட்கிறேன். படுப்பார்கள் என்றால், பகல் வெளிச்சத்திலேயே கட்டி முடித்து, வாசலை மூடி, படுத்துப் பார்க்காமல் நாங்கள் இடத்தை விட்டு வருவதில்லை. வெளிச்சம் வருகிற வழியில் காற்று வரும். காற்று வருகிற வழியில் பூச்சி வரும். இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பதினெட்டு வருஷமும் ஒரு குழந்தையின் கன்னமும் ஆனது. அந்தக் கோபம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

இப்போதெல்லாம் யாராவது வெளியே நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு டென்ட் ரொம்ப நல்லா இருக்கு என்றால், நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. உள்ளே படுத்திருப்பவர் சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன்.