தையல்நாயகியின் நூற்று எண்பது ஃபோல்டர்கள்

எங்கள் அலுவலகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. காரைக்காலில் உள்ள எந்த அலுவலகத்தாரும் இது தங்களைப் பற்றித்தான் என்று கோபித்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. வாய்க்கால்களில் தினமும் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று குறித்துவைப்பது எங்கள் வேலை. தண்ணீரே வராத மாதங்களிலும் விடாமல் குறித்துவைக்கிறோம். அந்த மாதங்களில் வேலை இன்னும் சுத்தமாக நடக்கும்.

'குறித்துவைக்கிறோம்' என்று நான் சொல்வதில் கொஞ்சம் பொய் உண்டு. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள் நாங்கள் ஒன்பது பேர். குறித்து, கூட்டி, தட்டச்சு செய்து, மேலிடத்துக்கு அனுப்பி, அனுப்பியது கிடைத்ததா என்று போனில் கேட்கிறவர் ஒருவர்தான். அவர் பெயர் தையல்நாயகி. அவர் கையெழுத்துப் போடக் கூடாது, ஏனென்றால் அவர் தினக்கூலி. பதிவேட்டில் கையெழுத்துப் போட விட்டால் நாளைக்கு உரிமை கேட்பார் என்று முன்யோசனைக்காரர் ஒருவர் எந்தக் காலத்திலோ முடிவு செய்துவிட்டார்.

2009 ஜூனில் வேலைக்கு வந்தபோது தையல்நாயகிக்கு வயது இருபத்தேழு. அம்பகரத்தூரிலிருந்து காலை எட்டுமணிப் பஸ்ஸில் வருவார். ஒன்பதுக்கு அலுவலகத்தைத் திறக்கிற சாவி அவரிடம்தான் இருக்கும். நான் பத்தரைக்கு வந்து பதிவேட்டில் ஒன்பது என்று எழுதுவேன். பதினைந்து வருஷம் அப்படி எழுதியிருக்கிறேன், ஒரு நாளும் யோசித்ததில்லை. 2024-ல் ஒரு சுற்றறிக்கை வந்த பிறகுதான் கொஞ்சம் யோசித்தேன்.

பத்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்த தினக்கூலிகளை நிரந்தரம் செய்வது பற்றிப் பரிசீலிக்கப்படும், தக்க ஆதாரத்துடன் விண்ணப்பிக்கலாம் என்று அதில் இருந்தது. ஆதாரத்துக்கு எங்கே போவது? பதிவேட்டில் அவர் பெயர் கிடையாது. கூலிச் சீட்டுக் கட்டுகள் இருந்தன, 2018 கஜா புயலில் பதிவறையின் கூரை பறந்தபோது அத்தனையும் நனைந்து கூழாகிவிட்டன, வைக்க இடமில்லை என்று அதன்பிறகு சீட்டுப் போடுவதையே நிறுத்திவிட்டார்கள். சம்பளமே வாங்காமல் பதினைந்து வருஷம் எங்கள் அலுவலகத்தில் சும்மா வந்து உட்கார்ந்திருந்த பெண்மணி என்று யாராவது சொன்னால் மறுக்க ஒரு காகிதம் இல்லை.

தையல்நாயகிக்கு ஒன்று மட்டும் இருந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் வேலைநாளில் கம்ப்யூட்டரில் ஒரு புது ஃபோல்டர் திறந்து, மாதத்தின் பெயரை வைப்பார். 2009 ஜூனிலிருந்து 2024 மே வரை நூற்று எண்பது ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் அது உருவான தேதியும் நேரமும் இருக்கும். எல்லாம் காலை ஒன்பது ஐந்து, ஒன்பது பத்து. உள்ளே இருக்கும் கோப்புகளை நம்ப முடியாது. புது அதிகாரி வரும்போதெல்லாம் பழைய அட்டவணைகளின் அடியிலும் தன் பெயரைப் போடச் சொல்வார். 2009-ல் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கூட அந்த வருஷத்து நீர்மட்டத்துக்குப் பொறுப்பேற்றிருக்கிறார். அதனால் கோப்புகளெல்லாம் கடைசியாகத் திருத்திய தேதியையே காட்டின. ஃபோல்டர் உருவான தேதி ஒன்றுதான் யார் கையும் படாமல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அலுவலகத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது.

எங்கள் கண்காணிப்பாளர் சிவநாதன் கெட்டவர் இல்லை. நல்ல நேரம் பார்க்காமல் ஒரு கெடுதல்கூடச் செய்யமாட்டார். புதுக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பூச்சுற்றி, புதன்கிழமை பத்தே முக்காலுக்கு மேல் பழையதிலிருந்து எல்லாவற்றையும் இதில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார். பழைய டிஸ்க்கை எடுத்துப் புதியதோடு ஒரு வயரில் கோத்திருந்தார்கள். முதல் ஃபோல்டரை அவரே மௌஸால் பிடித்து இழுத்து இந்தப் பக்கம் போட்டார். நாங்கள் கைதட்டினோம்.

தையல்நாயகி மட்டும் தட்டவில்லை. குனிந்து திரையைப் பார்த்தார்.

"சார், நிறுத்துங்க சார். ஜூன் ரெண்டாயிரத்து ஒம்போது ஃபோல்டருக்கு இன்னிக்குத் தேதி வந்திருக்கு."

"நல்ல நாள்தானம்மா? வளர்பிறைல வந்திருக்கு, இருக்கட்டுமே."

"என் சர்வீஸே அதுலதான் சார் இருக்கு. எல்லாத்தையும் இப்படி இழுத்தீங்கன்னா, நான் இன்னிக்குக் காலையிலதான் வேலைக்கு வந்தவளாயிடுவேன்."

பதினைந்து வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். சிவநாதன் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். பழைய டிஸ்க்கில் அசல் அப்படியே இருந்ததால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பழைய கம்ப்யூட்டரைக் கழித்துக் கட்டியாக வேண்டும். நல்ல நேரம் தவறிப்போகிறதே என்று அவருக்கு ஒரு வருத்தம் இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தையல்நாயகி சாப்பாட்டுக் கூடையைத் திறக்காமல் தௌஹீத் கடைக்குப் போனார். கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற கடை. எங்கள் பழைய இயந்திரத்துக்கு இரண்டு முறை உயிர் கொடுத்தவர். நானும் கூடப் போனேன், உதவிக்கு அல்ல, வேடிக்கைக்கு.

"காப்பி பண்ணி ஒட்டுனா அப்படித்தாங்கா ஆவும்," என்றார் தௌஹீத். "புது டிஸ்க்குல அந்த ஃபோல்டரு இன்னிக்குத்தான பொறக்குது? அதனால இன்னிக்குத் தேதிய போட்டுக்கும். பழைய தேதியோட கொண்டுவரணும்னா மௌஸத் தொடப்புடாது. கருப்பு ஜன்னல் தொறந்து கட்டளை அடிக்கணும். ரோபோகாப்பின்னு ஒண்ணு இருக்கு."

"அதுல தேதி மாறாதா பாய்?"

"ஃபோல்டரு தேதியையும் சேத்துத் தூக்குன்னு தனியா சொல்லணும். சொல்லலன்னா அதும் தன் இஷ்டத்துக்குப் போடும். மொதல்ல ஒரே ஒரு ஃபோல்டர வச்சுப் பாருங்க. சரியா வந்தா மொத்தத்தையும் விடுங்க. இன்ஷா அல்லாஹ், ஒரு நிமிஷம்கூடப் பெசகாது."

கட்டளையை ஒரு ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். எங்கள் துறையில் யாருக்கும் இப்படி ஒரு நல்ல புத்தி வந்து நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்து, சிவநாதன் இழுத்துப் போட்டதை அழித்துவிட்டு, தையல்நாயகி அந்தக் கட்டளையை எழுத்தெழுத்தாக அடித்தார். முதலில் ஒன்று. ஜூன் 1, 2009, காலை ஒன்பது மணி ஆறு நிமிடம், அப்படியே வந்து நின்றது. பிறகு நூற்று எழுபத்தொன்பதும் வந்தன. ஒவ்வொன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரிபார்த்தார். 2011 டிசம்பர் ஃபோல்டர் மட்டும் ஐந்தாம் தேதி உருவாகியிருந்தது.

"கீர்த்திகா பொறந்து பத்தாம் நாளுண்ணே," என்றார் என்னிடம், ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி. "அதுக்கு முன்னாடி வர முடியல."

அந்த டிசம்பரில் நான் சபரிமலைக்கு மாலை போட்டு, ஒரு மாதம் மத்தியானமே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பழைய டிஸ்க்கில் விதிப்படி நாலு இடத்தில் துளை போட்டு, துளை போட்டதற்கு ஒரு சான்றும் எழுதிக் கோப்பில் சேர்த்தார்கள். தகவல் பாதுகாப்பாம். எங்கள் அலுவலகம் தேதி தவறாமல் செய்து முடித்த ஒரே வேலை அதுதான்.

ஒரு மாதம் கழித்து விண்ணப்பங்களைச் சரிபார்க்கப் புதுச்சேரியிலிருந்து மூன்று பேர் குழு வந்தது. தலைவர் கண்ணாடி போட்ட, மிக நேர்மையான மனிதர். நேர்மையானவர்களிடம்தான் எனக்கு எப்போதும் பயம். தையல்நாயகி ஃபோல்டர்களைத் திறந்து ஒவ்வொன்றாகத் தேதியைக் காட்டினார். தலைவர் இருபது ஃபோல்டர்வரை பொறுமையாகப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைக் குனிந்து படித்தார்.

"இது எப்ப வாங்குனது?"

"போன மாசம் சார்."

"போன மாசம் வாங்குன கம்ப்யூட்டர்ல ரெண்டாயிரத்து ஒம்போதுல எப்படிம்மா ஃபோல்டர் தெறந்தீங்க?"

பழையதிலிருந்து தேதி மாறாமல் கொண்டுவந்ததைத் தையல்நாயகி விளக்கினார். விளக்க விளக்கத் தலைவரின் முகம் இறுகியது. "அப்ப தேதிய நாம சொல்றபடி வைக்க முடியும்னு நீங்களே சொல்றீங்க," என்று குறித்துக்கொண்டார். வேறொரு அலுவலகத்தில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டிருக்கிறார்கள், அத்தனை ஃபோல்டரும் ஒரே தேதி, கம்ப்யூட்டர் வாங்கிய ரசீதோடு அழகாகப் பொருந்துகிறது, அங்கே ஒரு வில்லங்கமும் இல்லை என்று உதாரணமும் சொன்னார். பழைய டிஸ்க்கைக் காட்டச் சொன்னார். சிவநாதன் துளை போட்ட சான்றைப் பெருமையாகக் காட்டினார்.

"சரி, இந்தத் தேதியெல்லாம் உண்மைதான்னு கம்ப்யூட்டர் பொறுப்புல இருக்குற ஊழியர்கிட்ட ஒரு சான்று வாங்கிக் குடுங்க. ஏத்துக்குறேன்."

"பொறுப்புல இருக்குறது நான்தான் சார்," என்றார் தையல்நாயகி.

"நீங்க ஊழியரான்னுதானேம்மா இங்க விசாரணையே நடக்குது? உங்க கையெழுத்து எப்படிச் செல்லும்?"

குழுவில் மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நாங்கள் ஒன்பது பேரும் நின்றுகொண்டிருந்தோம். 'இவர் தினமும் வருகிறார், எனக்குத் தெரியும்' என்று ஒருவன் எழுதிக் கொடுத்திருக்கலாம். எழுதினால், ஒன்பது மணிக்கு அவரைப் பார்த்தாயா என்று கேட்பார்கள். பார்க்க நான் ஒன்பது மணிக்கு அங்கே இருந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

நிராகரிப்பு ஆணை பத்து நாளில் வந்தது. அதை விண்ணப்பதாரருக்கு அலுவலகக் கடிதமாக அனுப்ப வேண்டும். எங்களில் யாருக்கும் தமிழில் தட்டச்சு தெரியாது. தையல்நாயகியே உட்கார்ந்து அடித்தார். 'தாங்கள் இவ்வலுவலகத்தில் பணிபுரிந்தமைக்கு ஆதாரம் ஏதும் இல்லை' என்ற வரியில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது, அதையும் திருத்தினார்.

"இந்தாம்மா, கையிலயே வாங்கிக்கிறியா?" என்று கேட்ட சிவநாதன் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "இல்ல, இல்ல. ஆபீஸ்ல வச்சு உங்கிட்ட குடுத்தா நீ ஆபீஸ்ல இருந்தன்னு ஆயிடும். வீட்டுக்குப் பதிவுத் தபால்ல போட்டுரு."

போட்டார். தன் விலாசத்தைத் தானே எழுதி, தானே ஒட்டினார்.

அம்பகரத்தூரில் தபால் கொடுக்கிறவர் சுகிர்தா. தையல்நாயகியின் வீடு பகலில் பூட்டித்தான் கிடக்கும். கணவர் முருகானந்தம் வயலுக்குப் போயிருப்பார், மகள் பள்ளிக்கூடத்துக்கு. சுகிர்தா மூன்று நாள் தொடர்ந்து வந்து கதவைத் தட்டிவிட்டு, தபால் நிலையத்தில் வந்து வாங்கிக்கொள்ளும்படி சீட்டுச் செருகிவிட்டுப் போனார். தபால் நிலையம் திறந்திருக்கிற நேரமெல்லாம் தையல்நாயகி காரைக்காலில் இருந்தார். தினக்கூலிக்கு விடுப்பு கிடையாது. தவிர, தானே அடித்த கடிதத்தை வாங்க அவருக்கு அப்படி ஒன்றும் அவசரமில்லை.

கெடு முடிந்து உறை எங்கள் அலுவலகத்துக்கே திரும்பி வந்தது. வருகிற தபாலைப் பிரிப்பதும் தையல்நாயகிதான். பிரிக்கப் போனவர் கையை நிறுத்திவிட்டு, பின்பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய்ச் சிவநாதன் மேசையில் அதைக் கவிழ்த்து வைத்தார். நானும் போய் எட்டிப் பார்த்தேன். சுகிர்தாவின் குண்டுக் கையெழுத்து.

'6, 7, 8 தேதிகளில் சென்றேன். வீடு பூட்டியுள்ளது. பெறுநர் தினமும் காலை எட்டுமணிப் பஸ்ஸில் இக்கடிதத்தை அனுப்பிய அலுவலகத்துக்கே வேலைக்குச் சென்றுவிடுகிறார். அனுப்புநருக்குத் திருப்பப்படுகிறது.'

கீழே கையொப்பம், பக்கத்தில் மத்திய அரசின் வட்ட முத்திரை, தேதியோடு.

சிவநாதன் அதை இரண்டு முறை படித்தார்.

"மூணு நாளுக்கு ஆதாரம் கெடச்சிடுச்சு சார்," என்றார் தையல்நாயகி. "மேல்முறையீட்டுல சேத்துடுறேன். இன்னும் நாலாயிரத்துச் சொச்சம் நாள்தான் பாக்கி."