தராசின் சொந்தக் கருத்து

என் நாத்தனாருக்கு அலுவலகத்தில் வைத்திருக்கும் பெயர் தராசு. பாராட்டாக வைத்தார்களா, கேலியாக வைத்தார்களா என்று ஒருநாள் கேட்டேன். "ரெண்டும்தான் அண்ணி" என்றாள். அவளிடம் எதைக் கேட்டாலும் இப்படித்தான். ஒரு பக்கமாகப் பதில் வாங்கிவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

அவள் வேலை பார்ப்பது ஒரு பதிப்பகத்தில். வாசகர்கள் அனுப்பும் கருத்துகளைப் படிப்பதுதான் அவள் உத்தியோகம். தபாலில் வருவது, மின்னஞ்சலில் வருவது, இணையத்தில் கொட்டுவது எல்லாமே அவள் மேசைக்கு வந்து சேரும். அதிலிருந்து பொறுக்கியெடுத்து அந்தந்தத் தொடரின் அடுத்த பாகத்திலோ மறுபதிப்பிலோ கடைசிப் பக்கங்களில் போட வேண்டும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. இடது பக்கத்தில் ஒரு பாராட்டு போட்டால், எதிரே வலது பக்கத்தில் அதே அளவுக்கு ஒரு திட்டு போட வேண்டும். தட்டு இந்தப் பக்கமும் சாயக் கூடாது, அந்தப் பக்கமும் சாயக் கூடாது. அலுவலகத்து ஆட்கள் யாரும் அந்தப் பக்கங்களில் கருத்து எழுதக் கூடாது என்றும் ஒரு விதி. அந்த விதி இல்லாவிட்டாலும் இவள் எழுதியிருக்க மாட்டாள்.

நான் அவளுக்கு நேர் எதிர். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறேன். கன்னம் வீங்கி வருகிறவர்களையே "வரிசையில வாங்க" என்று உட்கார வைக்கிற வாய் என்னுடையது. இப்படி ஒருத்தியும் அப்படி ஒருத்தியும் ஒரே வீட்டில் சண்டை இல்லாமல் இருப்பதைப் பார்த்து உறவுக்காரர்களுக்கு இன்றுவரை ஆச்சரியம். சண்டை போட இரண்டு பேர் வேண்டாமா? அவள் எதற்கும் "சரி அண்ணி" என்று சொல்லிவிட்டால் நான் யாரோடு போடுவது?

என் கணவர் படக்கதை எழுதி வரைகிறவர். அவருடைய புத்தகத்தை வெளியிடுவதும் அதே பதிப்பகம்தான். முதல் பாகத்தின் பக்கங்களைக் கொண்டுபோய் ஆசிரியரின் மேசையில் வைத்தவளே இவள். வைத்தாளே தவிர, நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்.

நான் அதைக் கொலைப் புத்தகம் என்றுதான் சொல்வேன். அவருக்குக் கோபம் வரும். வரட்டும். உள்ளே வேறு என்ன இருக்கிறது? பதினெட்டு வயதைத் தாண்டாத ஐந்து பிள்ளைகள் காசுக்கு ஆட்களைக் கொல்கிறார்கள். அவர்களை வளர்த்து ஏவிவிடுகிறவனை மாமா என்று கூப்பிடுகிறார்கள். புரட்டினால் கத்தி, புரட்டினால் ரத்தம். சிவப்பு மை தீர்ந்துவிட்டது என்று கடைக்கு என்னைத்தான் அனுப்புவார்.

புத்தகம் நன்றாகவே விற்றது. கருத்துகளும் குவிந்தன. மகனின் தலையணைக்கு அடியில் அதைப் பார்த்த ஒரு தகப்பன், வரைந்தவனைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று எழுதியிருந்தார். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, வகுப்பில் பிடுங்கி வைத்ததாகவும், சாயங்காலம் தானே உட்கார்ந்து படித்து முடித்ததாகவும், அடுத்த பாகம் எப்போது என்றும் கேட்டிருந்தார். பிள்ளைகளுக்கு நஞ்சு என்றார் ஒருவர். பிள்ளைகளை ஏவிவிடும் பெரியவர்களுக்குச் சரியான செருப்படி என்றார் இன்னொருவர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? என் நாத்தனார் எல்லாவற்றையும் முகம் மாறாமல் படித்து, இந்தத் தட்டில் ஒன்று, அந்தத் தட்டில் ஒன்று என்று வைத்துக்கொண்டிருந்தாள்.

அதிகமான கருத்துகள் வந்தது ஊசியைப் பற்றி. ஊசி அந்த ஐந்து பேரில் சின்னவள். பதினைந்து வயது. கூடவே அவளுடைய அண்ணனும் இருக்கிறான், ஆணி என்று பெயர். மற்ற நாலு பேரும் அழுவார்கள், கத்துவார்கள், மாமாவின் சட்டையைப் பிடிப்பார்கள். ஊசி மட்டும் "சரி" என்று எழுந்து போய், சொன்ன வேலையை முடித்துவிட்டு வந்து பாத்திரம் கழுவுவாள். யோசனை வந்தால் இடது காதுமடலைப் பிடித்து இழுத்துக்கொள்வாள்.

எங்கள் வீட்டில் அப்படிக் காதை இழுத்துக்கொள்கிறவள் ஒருத்திதான். முதல் பாகத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கணவரிடம் கேட்டேன். கை தானாக வரைந்துவிட்டது என்று மழுப்பினார். அவளிடம் கேட்டேன். "எல்லாருக்கும்தான் காது இருக்கு அண்ணி" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அவளுக்கும் பதினைந்து வயது ஒன்று இருந்தது. அப்போதுதான் என் மாமியார் படுத்த படுக்கையானார். என் கணவருக்கு வேறு ஊரில் ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்த நேரம். மாமனார் வேலைக்குப் போக வேண்டும். யார் பார்த்துக்கொள்வது என்று வீட்டில் ஒரு பேச்சு வந்ததாம். எல்லாரும் அவளைப் பார்த்தார்களாம். அவள் சரி என்றாளாம். அவ்வளவுதான், பள்ளிக்கூடம் நின்றது. மாமியார் போய்ச் சேரும்வரை தூக்கி, துடைத்து, ஊட்டி எல்லாம் அவள்தான். பிற்பாடு தானே தனியாகப் பரீட்சை எழுதி, தபாலில் பட்டம் வாங்கி, யார் சிபாரிசும் இல்லாமல் இந்த வேலையில் உட்கார்ந்தாள். இதெல்லாம் என் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் வாயைத் திறந்து சொன்னதே இல்லை.

கடைசிப் பாகத்தை அவர் வரைந்துகொண்டிருந்தபோது மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். மாமனார் தனியாக இருக்கும் ஊர் எங்களிடமிருந்து பஸ்ஸில் அரை நாள். மருத்துவமனையில் தகடு வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எழுந்து நடமாடப் பல மாதம் ஆகும், கூடவே ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். எங்களோடு கூட்டி வரலாம் என்றால் நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. என் கணவர் தலையைச் சொறிந்தார். புத்தகத்துக்குக் கெடு நெருங்குகிறது என்றார். பிறகு தங்கையிடம், "நீ போயிட்டா நல்லாருக்கும்" என்றார்.

அவள் சரி என்றாள்.

அத்தனை மாதம் லீவு எந்த அலுவலகத்தில் தருவார்கள்? வேலையை விட வேண்டியதுதான். மாதக் கடைசியில் ஆசிரியரிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னாள். சமையலறையில் வைத்து அவளைப் பிடித்துக்கொண்டேன். குட்டக் குட்டக் குனிபவனும் மடையன் என்று உனக்கு யாரும் சொல்லித் தரவில்லையா, நீயே தேடிக்கொண்ட வேலை, நாற்பதைத் தாண்டிய பிறகு இனி எவன் கூப்பிட்டுத் தருவான் என்று பொரிந்து தள்ளினேன். "அப்பாவுக்குத்தானே அண்ணி" என்றாள்.

அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் கணவர் சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதத்தைப் பரப்பிக் கடைசிக் காட்சியைப் பென்சிலில் போட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரே காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நாத்தனார் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, வழக்கமாகப் போகிறவள் போகாமல் உட்கார்ந்தாள். ஒரு கருத்து வந்திருக்கிறது, எந்தப் பக்கம் போடுவது என்று தெரியவில்லை என்றாள். இப்படி அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

எழுதியது ஒரு மாணவி. அதை என் நாத்தனார் மனப்பாடமாகவே சொன்னாள்: "மத்தவங்க கொல்றப்ப எனக்குக் கோபம் வருது. ஊசி கொல்றப்ப மட்டும் பயமா இருக்கு. அவ ஏன் ஒரு தடவைகூட எதுக்குன்னு கேக்க மாட்டேங்கறா? அவளுக்குன்னு எதுவுமே வேண்டாமா?"

என் கணவருக்கு வாயெல்லாம் பல். இது பாராட்டுதான், இடது பக்கம் போடு என்றார். இல்லை, நன்றாக உறைக்கிற திட்டு, வலது பக்கம் போடு என்றேன் நான். அவள் காதுமடலைப் பிடித்தபடி மேசையில் கிடந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் யாருக்கும் புரியும். ஆணி பின்வழியாகத் தப்பி ஓடுகிறான். ஊசி வாசலில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். அடுத்த கட்டத்தில் அவள் மேல் குண்டுகள். அதற்கடுத்த கட்டம் முழுக்க அவள் முகம், கண் மூடி, சிரித்தபடி.

"இவ சாகறாளா?" என்று கேட்டாள்.

அண்ணனைக் காப்பாற்றத்தான் சாகிறாள் என்று அவர் உற்சாகமாக விளக்க ஆரம்பித்தார். வாசகர்கள் அழுதுவிடுவார்கள், இதுவரை திட்டியவர்கள்கூடக் கையெடுத்துக் கும்பிடுவார்கள் என்றார். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"நானும் ஒரு வாசகர்தானே அண்ணா. என் கருத்தைச் சொல்லவா?"

அவர் பென்சிலை வைத்தார். நான் கத்தியை வைத்தேன்.

"வேண்டாம். இவ அண்ணனுக்காக ஒரு தடவை எல்லாத்தையும் விட்டாச்சு. ரெண்டாவது தடவையும் இவளையே நிக்க வைக்காத." காதுமடலை விட்டுவிட்டு அண்ணனை நேராகப் பார்த்தாள். "நான் வேலையை விடப்போறதில்ல. அப்பாகிட்ட நான் போகல."

எங்கள் வீட்டுக் குழாய் சொட்டுவது அப்போதுதான் எனக்குக் கேட்டது. பிறகு என் கணவரிடமிருந்து வந்தது பாருங்கள் ஒரு கேள்வி, அந்த நேரத்தில் எந்த அண்ணனுக்கும் வரக்கூடிய கேள்விதான்.

"அப்ப அப்பாவை யாரு பாத்துக்கறது?"

"தெரியல அண்ணா."

சொல்லிவிட்டுக் காலிக் கோப்பையை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். கதவை அறையவில்லை, சாத்தக்கூட இல்லை. இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் எந்தக் கேள்விக்கும் அவளிடம் வழி இருந்தது. தெரியாது என்று அவள் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டோம். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் என்று சமாளித்தேன்.

என் கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். எனக்காகவா அவளைப் போகச் சொன்னேன் என்று என்னிடம் வந்து புலம்பினார். வேறு யாருக்காக என்று கேட்டேன். சம்பளத்துக்கு ஒரு ஆளை ஏற்பாடு செய்து அனுப்பினார். வந்த ஆள் காலை முரட்டுத்தனமாகப் பிடிக்கிறான் என்று மாமனார் கைத்தடியால் அடிக்கப் போய், அவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடிவிட்டான். கடைசியில் இவரே காகிதத்தையும் மைப் புட்டிகளையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பஸ் ஏறும்போது தங்கையை நேராகப் பார்க்கவில்லை. பதிப்பகத்தில் கெடுவைத் தள்ளிக் கேட்டிருந்தார், கொடுத்துவிட்டார்கள். கேட்டால் கொடுப்பார்கள் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

அப்பா மேல் அவளுக்குப் பாசம் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மாதம் ஒருமுறை லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்து, அவருக்குப் பிடித்ததைச் சமைத்துக் கொடுத்துவிட்டு வருவாள். திரும்பி வந்து மறுநாள் தன் மேசையில் உட்காருவாள்.

கடைசிப் பாகத்தை அவர் மாமனாரின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வரைந்து முடித்தார். மாற்றிய முடிவில் மாமா ஊசியை வாசலில் நிற்கச் சொல்கிறான். அவள் முதல் தடவையாக "எதுக்கு?" என்று கேட்கிறாள். கேட்டுவிட்டுக் கத்தியைத் தரையில் வைத்துவிட்டுப் போகிறாள். ஆணிதான் வாசலில் நிற்க வேண்டி வருகிறது. அவன் சாகவில்லை, ஆனால் நன்றாகவே அடிபடுகிறான்.

வந்து குவிந்தன கருத்துகள். கூடப் பிறந்தவனை விட்டுவிட்டு ஓடுகிறவள் ஒரு பெண்ணா என்று கேட்டார்கள். சுயநலக்காரி என்றார்கள். கடைசிப் பாகத்துக்குக் கொடுத்த காசு தண்டம் என்றார்கள். வலது பக்கத்துக்கு வேண்டிய அளவு இருந்தது, இடது பக்கத்துக்குத்தான் பஞ்சம்.

ஒரு சாயங்காலம் என் கணவர் தங்கையைப் போனில் கூப்பிட்டார். அவள் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டே பேசினாள். ஊசியைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

"நல்லாத் திட்றாங்க அண்ணா."

"உனக்குக் கஷ்டமா இருக்கா?"

"இல்ல. செத்திருந்தா எல்லாரும் புகழ்ந்திருப்பாங்க. உயிரோட இருக்கா, அதனால திட்றாங்க."

லைன் போய்விட்டதோ என்று நான்கூட எட்டிப் பார்த்தேன். பிறகு அவர் பேசினார். குரல் அவர் குரலாகவே இல்லை.

"அப்பாவைத் தூக்கி உக்கார வைக்கறதுக்குள்ள எனக்கு முதுகு விட்டுப்போகுது. அவர் திட்றாரு, நானும் திரும்பத் திட்டறேன், அப்புறம் வெளிய போய் நின்னு அழறேன். அம்மாவை நீ எப்படித் தூக்கின? உனக்குப் பதினஞ்சு வயசுதானே?"

மடித்த துணி அவள் கையிலேயே இருந்தது. போனை என் பக்கம் தள்ளிவிட்டு, அந்தத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதாள். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து அவள் அழுது பார்த்தது அன்றைக்குத்தான்.

என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று அவர் அங்கே பதறினார். ஒன்றுமில்லை, அவள் அழட்டும், நாளைக்குக் கூப்பிடுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.