பூட்டுக்கு வைத்த சந்தனம்

அப்பாவின் காக்கிச் சட்டையில் எப்போதும் அடிக்கும் கிரீஸ் வாசம் போய், வெறும் சவுக்கார வாசம் மட்டும் வரத் தொடங்கிய வருஷம் அது. தொண்ணூறுகளின் தொடக்கம். ஆர்டர் இல்லையென்று அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்கள்; அப்பா லேத்து ஓட்டிய கம்பெனிக்கும் பூட்டு விழுந்தது. கொரட்டூரில் எங்கள் தெருவில் யாருக்கும் அதைச் சொல்லவில்லை. அப்பா தினமும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு போய், கேட்டுக்கு வெளியே மற்றவர்களோடு உட்கார்ந்திருந்துவிட்டு, "ஷிப்ட்" முடியும் நேரத்துக்குச் சரியாக வீடு திரும்புவார்.

காரணம் அக்கா. திருமழிசையிலிருந்து ஒரு வரன் அமைந்திருந்தது. மாப்பிள்ளைக்கும் அங்கே கம்பெனி வேலை. பெண்ணின் அப்பா "பர்மனென்ட்" என்று கேள்விப்பட்ட பிறகுதான் அவர்கள் பேச்சையே எடுத்தார்கள். "தாலி ஏர்ற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று அம்மா எங்களை மிரட்டி வைத்திருந்தாள்.

ஆயுத பூஜையன்று மட்டும் தொழிலாளிகளின் குடும்பத்தைக் கம்பெனிக்குள் விடுவார்கள். பொட்டு வைத்த மெஷின்களைப் பார்த்துவிட்டுப் பொரி வாங்கிக்கொண்டு வரலாம். அந்த வருஷம் நாங்கள் அதை மறந்தோமே தவிர, மாப்பிள்ளை வீட்டார் மறக்கவில்லை. மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்கள்.

"இன்னா சம்பந்தி, உங்க மெஷின எங்களுக்குக் காட்ட மாட்டீங்களா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

அம்மா காபியைச் சாக்காக வைத்து நேரத்தை இழுத்துப் பார்த்தாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். வழியெல்லாம் அக்கா தலை நிமிரவில்லை.

உள்ளே போக வழியில்லாததால், வேலை போன தொழிலாளிகள் கேட்டில் தொங்கிய பூட்டுக்கே சந்தனமும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா அதைக் கையால் காட்டிவிட்டுத் தரையைப் பார்த்தபடி நின்றார். அவர் அப்படிக் கூனிக்குறுகி நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாப்பிள்ளையின் அம்மா கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்களாண்டயும் இதே கதிதான் சம்பந்தி. இவன் கம்பெனிய மூடி ரொம்ப நாளாவுது. நீங்களாச்சும் நல்லா கீறீங்கன்னு நெனச்சோம்" என்றாள். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு பக்கமும் ஒரே பொய்தானே என்று சிரித்துவிட்டுத் தாலியைக் கட்டியிருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூசி, பேச்சு அப்படியே நின்றுபோனது.

இன்று அந்தக் கேட் இல்லை. அங்கே ஒரு கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. அக்காவுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, நன்றாகத்தான் இருக்கிறாள். அந்த வழியே பஸ்ஸில் போகும்போதெல்லாம் இப்போதும் எனக்கு முகம் சுடுகிறது. கம்பெனியை மூடிய முதலாளி காரில் தலை நிமிர்ந்துதான் போனார். வேலையைப் பறிகொடுத்த இரண்டு வீட்டாரும்தான் வெட்கப்பட்டு, ஒருவருக்கொருவர் ஒளிந்துகொண்டோம்.